இவன் எவன்டா?

மார்ச் 3, ஞாயிறு

நான்காம் பகுதியை இன்று படம் பிடித்தோம். சாப்பாடு முடிந்ததும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். அக்கா ஜன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம், டிவிக்கு மேலே கேமரா. நாங்கள் தொடர் பார்ப்போம், நாங்கள் பார்ப்பதை இணையத்தில் ஊரார் பார்ப்பார்கள். கண்ணாடிக்கடையில் என்னோடு லென்ஸ் வெட்டும் கூட்டாளி இதை இன்னும் நம்பவில்லை. "அடுத்தவன் டிவி பாக்கறதைப் பாக்க ஆள் இருக்கா?" என்கிறார். இருக்கிறார்களே, என்ன செய்ய?

எல்லாம் இந்த 'நித்திய முடி' தொடர் செய்த வேலை. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் செத்த ஒரு சக்கரவர்த்தி, சாகும் முன்பே தன்னை நகலெடுக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறான். ஐந்து கிரகங்களில் எப்போதும் ஐந்து நகல்கள் வளர்கின்றன. அரியணையில் இருப்பவன் செத்தால் அடுத்தவன் அதே உடையில் வந்து உட்கார்ந்துகொள்வான். மக்களைப் பொறுத்தவரை அரசர் சாகவே இல்லை. ஐந்து பேருக்கும் ஒரே நடிகர், ஒரே மூக்கு. குழம்பாதவர் யார்?

அக்கா இருபத்தாறு வருடமாக மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். முதல் பகுதியில் இரண்டாவது நகல் வந்து நின்றதும், "மருந்து ஒண்ணுதான்டா, கம்பெனிதான் வேற" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகவே ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தார்கள். அவளுடைய "இவன் எவன்டா?" இப்போது அவர்களுக்கு வாய்ப்பாடு. நான்கூட இருக்கிறேன், ஒருவரும் கண்டுகொள்வதில்லை.

படம் பிடிப்பது பெரிய காரியமில்லை, வெட்டுவதுதான் காரியம். எனக்கு இழுவை ஆகாது. சொன்னதையே சொன்னால் வெட்டு, சும்மா இருந்தால் வெட்டு. ஒன்றரை மணி நேரத்தைப் பதினெட்டு நிமிடமாக்கிவிட்டேன். இன்றைக்குச் சிரிப்பு ஒன்று கிடைத்தது. அக்கா கையில் இருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குடா என் கையில?" என்றாள். அதை வெட்டவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

ரிமோட்டுக்குப் பயங்கர வரவேற்பு. 'சிம்மாசனப் பைத்தியம்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் ஐந்து நகல்களின் காது மடலையும் அளந்து, மூன்றாமவன்தான் அசல் என்று நிரூபித்திருக்கிறார். ஒரே நடிகரின் ஒரே காது ஐயா அது. வேலை வெட்டி இல்லாதவர்கள். நானும்தான்.

மார்ச் 7, வியாழன்

'வார்டு பூனை' என்ற பெயரில் ஒரு பெண். ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸ் போலிருக்கிறது. முதல் பகுதியிலிருந்து வருகிறவர், எப்போதும் நல்லபடியாக எழுதுகிறவர். இன்று எழுதியது:

'தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசர்களை யாரும் குழப்பிக்கொள்ளலாம். ரிமோட்டை அக்கா பார்த்த பார்வை வேறு. எங்கள் வார்டில் தினமும் பார்க்கிற பார்வை. ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.'

அழித்துவிட்டேன். யார் இவர்? பதினெட்டு நிமிடம் பார்த்துவிட்டு என் அக்காவுக்கு வியாதி சொல்ல? ஐம்பத்தெட்டு வயதில் ஆயிரம் மருந்தின் பெயரை அலமாரி வரிசையோடு சொல்கிறவள் அவள். என் பிறந்த நேரத்தை நிமிடத்தோடு சொல்வாள்.

அழித்த பிறகும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டது நான்.

மார்ச் 8, வெள்ளி

ஒரு லென்ஸைக் கோணம் தவறி வெட்டிவிட்டேன். வீண். பதினைந்து வருடத்தில் இப்படி ஆனதில்லை. கூட்டாளி தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் 10, ஞாயிறு

ஐந்தாம் பகுதி. திரையில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தாள், திட்டினாள், நன்றாகத்தான் இருந்தாள். "என்னடா என் மூஞ்சியில படம் ஓடுதா?" என்று அதட்டவும் செய்தாள்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் வெட்டாத பழைய பதிவுகளைத் திறந்தேன். செய்திருக்கக் கூடாது. செய்யாமலும் இருக்க முடியவில்லை.

முதல் பகுதியில் "இவன் எவன்டா?" இரண்டு தடவை. நான்காம் பகுதியில் பதினொன்று, அதில் நான்கு ஒரே நகலைப் பார்த்து, ஐந்து நிமிடத்துக்குள். அதுகூடப் போகட்டும். "கதவைப் பூட்டினியா?" என்று ஆறு தடவை கேட்டிருக்கிறாள். ஆறு தடவையும் பூட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். என் குரலை நானே கேட்டேன். கடைசியில், "எத்தனை தடவைக்கா சொல்றது?" என்று எரிந்து விழுகிறேன். அவள் முகம் சுருங்கிப்போகிறது. பிறகு சிரிக்கிறாள். யாருக்கோ மரியாதைக்குச் சிரிப்பது போல.

அத்தனையையும் வெட்டியவன் நான். இழுவை என்று வெட்டினேன். வாரா வாரம் உட்கார்ந்து, கவனமாக, ஒரு நொடி பிசகாமல், என் கையாலேயே வெட்டினேன். கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறேனாம். தூ.

மார்ச் 11, திங்கள்

மதியம் இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் அக்காவின் கடைக்குப் போனேன். எனக்கு இருமல் இல்லை. கூட்டம் இருந்தது. சீட்டைப் பார்த்தாள், அலமாரியைப் பார்க்காமலே கை நீட்டி எடுத்தாள், அட்டையைக் கத்தரித்தாள், சின்ன வெள்ளைச் சீட்டில் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதி ஒட்டினாள். அந்த முத்து முத்தான கையெழுத்து. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

என் மருந்தையும் கொடுத்தாள். இரண்டு பேரைக் கவனித்துவிட்டு என்னிடம் திரும்பி, "உனக்கு என்னடா வேணும்?" என்றாள். பாட்டில் என் கையில் இருந்தது.

கடைக்காரர் சிரித்தார். "அக்கா ராஜாவையே நெனச்சிட்டு இருக்காங்க தம்பி, ஒரு மாசமா இப்படித்தான்" என்றார். அவருக்கும் அந்தத் தொடர்தான் சாக்கு.

மார்ச் 12, செவ்வாய்

இன்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 13, புதன்

இன்றும் இல்லை. எப்படி ஆரம்பிப்பது? அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவளிடம் போய், 'உனக்கு மறக்கிறது' என்று எந்த வாயால் சொல்ல?

மார்ச் 15, வெள்ளி

சாப்பிடும்போது அக்காவே சொன்னாள், வேடிக்கை போல. சர்க்கரை மாத்திரைக்குப் பதில் ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டாளாம். வாங்கிப்போன பெரியவர் நிறம் வேறாக இருக்கிறதே என்று வாயில் போடாமல் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். "ரெண்டு அட்டையும் ஒரே மூஞ்சிடா, அந்த ராஜாப் பசங்க மாதிரி" என்றாள். சிரித்தாள். பிறகு சாப்பிடாமல் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

பெரியவர் நிறத்தைக் கவனிக்காமல் இருந்திருந்தால்?

இனி என் கோழைத்தனத்துக்கு வேறு யாரோ விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் நான் மனிதனில்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஆறாம் பகுதி. இதை எழுத இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நான்காவது நகல் முடிசூடும் நாள். நூறு வரிப் பிரமாணம் சொல்ல வேண்டும். அறுபதாவது வரியில் நின்றுவிடுகிறான். மறந்துவிட்டது. இரண்டு காவலர்கள் வந்து தோளைத் தொட்டுக் கூட்டிப்போகிறார்கள். அதே உடையில் ஐந்தாமவன் வந்து அறுபத்தோராம் வரியிலிருந்து தொடர்கிறான். சபை எழுந்து வணங்குகிறது.

அக்கா, இவன் எவன் என்று கேட்கவில்லை. "மறந்தா மாத்திடுவாங்களா?" என்றாள்.

கேமராவை நிறுத்தினேன். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. மடிக்கணினியை அவள் மடியில் வைத்து வெட்டாத நான்காம் பகுதியை ஓட்டினேன். முழுவதும் பார்த்தாள். கதவு, ரிமோட், என் எரிச்சல், எல்லாவற்றையும். முடிந்ததும் திரும்பினாள்.

"இதையெல்லாம் ஏன்டா வெட்டினே?"

"போரடிக்கும்னு வெட்டினேன்க்கா."

"அப்ப ஊர் பாத்தது என்னை இல்ல. என் நகலை."

டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். என்னைப் பைத்தியம் என்கிறாயா என்றாள். எந்திரிச்சுப் போடா என்றாள். நான் எழுந்திருக்கவில்லை, அவள்தான் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 18, திங்கள்

பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைத்திருந்தாள். உப்பு இரண்டு தடவை போட்டிருந்தாள். முழுவதும் சாப்பிட்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

கடைக்காரர் எனக்குப் போன் செய்தார், குரலே சரியில்லை. காலையில் அக்கா மருந்து அலமாரியின் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டாளாம். நடந்ததைத் தானே சொல்லி, இனிமேல் மருந்து எடுத்துக் கொடுக்க மாட்டேன், சரக்கு வந்தால் அடுக்கித் தருகிறேன், அதையும் ஒரு ஆள் சரிபார்க்க வேண்டும் என்றாளாம். ஒரே ஒரு தப்புக்கு இதெல்லாம் எதற்கு என்று இவர் மன்றாடியிருக்கிறார்.

"என்ன சொன்னாங்க தெரியுமா தம்பி? அந்தக் கதையில ராஜா போனா இன்னொரு ராஜா வரான். அந்தப் பெரியவர் போனா யார் வருவானு கேட்டாங்க."

கழிப்பறைக்குப் போய் அழுதேன். கடையில் வேறு இடம் ஏது?

மார்ச் 20, புதன்

'வார்டு பூனை'க்கு எழுதினேன். உங்கள் குறிப்பை அழித்தது நான்தான், மன்னிக்க வேண்டும், எந்த டாக்டரைப் பார்ப்பது என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. எங்கே போக வேண்டும், என்னென்ன சொல்ல வேண்டும், வெட்டாத பதிவைக் கட்டாயம் கொண்டுபோங்கள் என்று. திட்டு ஒரு வார்த்தை இல்லை.

மற்றவர்கள் இன்னும், ஆறாம் பகுதி எங்கே, ஐந்தாமவன் நல்லவனா கெட்டவனா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 26, செவ்வாய்

டாக்டர் நல்லவர், அவசரப்படவில்லை. அக்காவைக் கடிகாரம் வரையச் சொன்னார், ஐந்து சொற்கள் சொல்லித் திருப்பிக் கேட்டார். இரண்டுதான் வந்தது. பதிவைப் பத்து நிமிடம் பார்த்தார். இன்னும் சோதனைகள் இருக்கின்றன, ஆனால் மறதி நோயின் ஆரம்பமாகத்தான் தெரிகிறது என்றார். மருந்து எழுதிக்கொடுத்தார். அக்கா சீட்டை வாங்கிப் பார்த்து, இந்த மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால்தான் வயிறு தாங்கும் என்றாள். டாக்டர் சிரித்து, அப்படியே திருத்தி எழுதினார்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் இறங்கினோம். எழுப்ப மனசு வரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

கடைசிப் பகுதியைப் படம் பிடித்தோம். அவளே கேட்டாள். "ஒரு நிபந்தனை, கத்தரியைத் தொடக் கூடாது" என்றாள். பாதியில் நின்ற ஆறாம் பகுதியையும் அப்படியே ஏற்றச் சொன்னாள்.

காலையிலேயே மருந்தில் ஒட்டும் வெள்ளைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டிவியின் ஓரத்தில் ஐந்து சீட்டுகள் ஒட்டியிருந்தன. 'மூத்தவன். மோதிரம் இடது கை.' 'மூன்றாமவன். காது ஆராய்ச்சிக்காரர் சொல்லும் அசல்.' 'நான்காமவன். மறந்தவன். பாவம்.' படம் ஓடும்போது முகத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவன் எவன்டா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் நிதானமாகச் சொன்னேன். "கதவைப் பூட்டினியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். அப்படியே ஏற்றினேன். யார் பார்ப்பார்களோ தெரியாது.

ஏப்ரல் 2, செவ்வாய்

பார்க்கிறார்கள். பாதிப் பேர் ஓடிவிட்டார்கள், பாதிப் பேர் இருக்கிறார்கள். 'சிம்மாசனப் பைத்தியம்' காதை விட்டுவிட்டு, தன் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

'வார்டு பூனை' எழுதியது ஒரு வரிதான்: 'தம்பி, கதவைப் பார்க்க எழுந்து போகிறீர்களே, அப்போது உங்கள் முதுகைப் பாருங்கள்.'

ஓட்டிப் பார்த்தேன். சட்டை முதுகில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. எழுத்துத் தெரியவில்லை. துவைக்கப் போட்டிருந்த துணிகளைக் கிளறி அந்தச் சட்டையை எடுத்தேன். நல்லவேளை, இன்னும் துவைக்கவில்லை. மருந்துச் சீட்டுத்தான். அதே முத்து முத்தான கையெழுத்து.

'தம்பி. காலை, மாலை. நிறுத்தக் கூடாது.'