கருடக் குஞ்சுக்குக் கறி

அம்மாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? ஸ்ரீரங்கத்தில் மழை உண்டா? மருங்காபுரியில் நான் சௌக்கியம்.

இங்கே ஒரு வாரம் விடாத மழை. நான் கவனித்துவரும் கூட்டில் தாய்க் கருடனுக்கு வேட்டையே இல்லை. மழை விட்டதும், கடலைக் காட்டில் எலிமருந்து தின்று மயங்கிக் கிடந்த எலிகளைத் தூக்கி வந்து குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டது. ஒரு குஞ்சு செத்துவிட்டது. மற்றதை என் அறையில் வைத்து, விஷம் முறிய வைட்டமின் ஊசி போட்டு, கோழிக்கறி நறுக்கி ஊட்டுகிறேன். அப்பாவிடம் சொல்லாதே.

வீட்டுக்கார வெள்ளையம்மாள் அதற்குப் பால்சோறு வைத்தார். "சாமிக்குக் கறி போடலாமா தம்பி? அதுவும் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை!"

"சாமி இல்லைங்க, பசிச்ச குஞ்சு!" என்று கத்திவிட்டேன். அதிலிருந்து அப்பாவைப் போல அவரும் என்னோடு பேசுவதில்லை.

பழைய வேட்டி ஒன்று அனுப்பு, குஞ்சுக்குக் குளிர்கிறது. சாத்தமுதுப் பொடியும் தீர்ந்துவிட்டது, ரசம் வைத்து நாளாயிற்று. காலையிலிருந்து குஞ்சு வாய் திறக்கவில்லை. இன்னொரு முறை ஊட்டிப் பார்க்கிறேன்.

கோவர்தன்