முகம் மூடாத வலைக்காரன்

நூக்கேரியா,
பிப்ரவரி முதல் நாள்

என் உயிரான அமிந்தஸுக்கு நெவியா எழுதுவது. நீங்கள் நலமென்றால் நானும் நலம்.

என் தம்பி லூக்ரியோ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்புவாவுக்கு ஓடிப்போய், நீங்கள் அடிமையாகக் கிடக்கும் வாள்பள்ளியிலேயே அரங்கச் சண்டைக்குச் சத்தியம் செய்து சேர்ந்துவிட்டான். "மச்சான் மாதிரி நானும் பேர் வாங்கிக் காட்டுறேன்" என்று அம்மாவிடம் வீம்பு பேசினானாம், படுபாவி. அம்மா ரொட்டியைத் தொடவில்லை.

ஒரே பள்ளி ஆட்களைத்தான் அரங்கில் ஒருவர் மேல் ஒருவரை ஏவுவார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். நீங்களும் அவனும் எதிரெதிரே நிற்கக் கூடாது.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
நெவியா


கப்புவா,
மார்ச் நடுநாள்

கண்ணே நெவியா,

அழாதே, காரியத்தை முடித்துவிட்டேன். நான் பெருங்கேடயக்காரன். என் ஜோடி எப்போதும் வளைகத்திக்காரன்தான். வலை வீசும் வலைக்காரனுக்கு ஜோடி, அவனைத் துரத்தும் விரட்டுக்காரன். இதை மாற்றினால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். ஆகவே லூக்ரியோவை வலைக்காரனாக்கச் சொல்லி வாத்தியாரிடம் கெஞ்சினேன். "பய நல்லா ஓடுறான், சரி, வலையே குடு" என்றார். இனி நாங்கள் மோத வழியே இல்லை.

வலையும் திரிசூலமும் கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷம். ஆனாலும் ஒரு குறை. "எல்லாருக்கும் தலைக்கவசம், எனக்கு மட்டும் வெறுந்தலையா மச்சான்?" என்றான். "உன் அழகு மூஞ்சியப் பொண்ணுங்க பாக்க வேணாமாடா?" என்றேன். பார்லிக் கஞ்சி சிந்தச் சிந்தச் சிரித்தான்.

உன்,
அமிந்தஸ்


நூக்கேரியா,
ஏப்ரல் முதல் நாள்

என் தெய்வமே,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை இருக்காரு, இனி எனக்கென்னடி கவலை?" என்று அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். எனக்குத்தான் அந்த வெறும் முகமே கண்ணுக்குள் நிற்கிறது. களத்தில் ஓடிப் பிழைக்க அவனிடம் சொல்லுங்கள். என்னை மறந்துவிடாதீர்கள், இரண்டு வரியாவது அடிக்கடி எழுதினால் என்னவாம்?

உங்கள்,
நெவியா


கப்புவா,
ஜூன் எட்டாம் நாள்

நெவியா,

எப்படி எழுதுவேன்? எங்கள் விரட்டுக்காரன் காய்ச்சலில் செத்துப்போனான். பள்ளி முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அதே கேடயம், அதே வாள். தலைய மட்டும் மாத்திக்கடா" என்றார். கொண்டை வைத்த என் கவசத்தைப் பிடுங்கிக்கொண்டு விரட்டுக்காரனுடையதைக் கொடுத்தார்கள். வலை மாட்டாதபடி வழுவழுவென்ற உருண்டை. கண்ணுக்கு இரண்டே ஓட்டை. உள்ளே மூச்சு முட்டுகிறது.

நாளை எனக்கு ஜோடி லூக்ரியோ. வலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்து, உன் தம்பியை என் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது நான்தான். வேண்டாமென்றேன், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டினார்கள்.

இருவரும் பேசி வைத்திருக்கிறோம். கொஞ்ச நேரம் துரத்துவேன். அவன் களைத்ததுபோல் விழுந்து, தோற்றேன் என்று விரலைத் தூக்குவான். இளம்பிள்ளை, விட்டுவிடுவார்கள். ஹெர்குலிஸ் கைவிட மாட்டார்.

அமிந்தஸ்


கப்புவா,
ஜூன் பத்தாம் நாள்

நெவியா,

விடவில்லை.

நான் வலிக்காமல் வெட்டினேன், அவன் படாமல் குத்தினான். ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். "என்னடா, கொஞ்சிக்கிட்டிருக்கீங்க? காசு வாங்கல? குத்துடா!" என்று கத்தினார்கள். பேசியபடி அவன் விழுந்து விரலைத் தூக்கினான். விளையாட்டு நடத்தும் பெரிய மனிதர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் வெட்டச் சொன்னது. நிஜமாகவே சண்டை போட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான்.

என் தொடையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு இரும்புதான் தெரிந்தது. எனக்கு அவன் முகம் முழுக்கத் தெரிந்தது. "மச்சான், கண்ண மூடிக்காதீங்க, கை தப்பிரும்" என்றான். நான் மூடவில்லை.

இன்று காலை முதலாளி, விடுதலைக்கு அடையாளமான மரவாளைக் கொடுத்து, "போடா, உனக்கு விடுதலை" என்றார். இத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் ஏங்கிய மரவாள். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரட்டுமா?

அமிந்தஸ்


நூக்கேரியா,
ஜூன் இருபதாம் நாள்

அமிந்தஸுக்கு,

நீங்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று இரவும் பகலும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் செய்திருக்க முடியாது. மறுத்திருந்தால் இரண்டு பிணம் விழுந்திருக்கும். எனக்குத் தெரிகிறது.

அம்மாவிடம், அவனைக் கொன்றது யாரோ ஒரு விரட்டுக்காரன் என்று சொல்லியிருக்கிறேன். "மாப்பிள்ளை பக்கத்துல இருந்தாராடி?" என்று கேட்டாள். "கூடவே இருந்தாரும்மா" என்றேன். "அது போதும், புள்ள தனியாப் போகல" என்றாள். உங்களுக்கு விடுதலை என்றதும் அவித்த பயறும் புது ரொட்டியும் தினமும் எடுத்துவைத்து வாசலைப் பார்க்கிறாள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்கவேண்டுமாம்.

உங்களுக்குப் பொய் சொல்ல வராது. முகத்திலேயே தெரிந்துவிடும். இங்கே மாட்டிக்கொள்ள அந்த உருண்டைக் கவசமும் கிடையாது.

அம்மா இருக்கும்வரை வராதீர்கள். அதற்குப் பிறகும், நான் கூப்பிடுவேன் என்று காத்திருக்காதீர்கள்.

நெவியா