வாசிப்பு ஜோடி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

இதை விடைத்தாள் மூட்டையோடு உங்கள் வளாகத்துக்கு அனுப்புகிறேன். என் மின்னஞ்சலை நீங்கள் திறப்பதில்லை. மூட்டையைத் திறந்துதானே ஆக வேண்டும்?

இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. விவாகரத்து என் அண்ணனோடுதானே, என்னோடு இல்லையே? ஒரு போன்கூடக் கிடையாது. சரி, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

நம் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, காலை வணக்கமும் பூங்கொத்துப் படமும் மட்டுமே வரும், அதை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று நானே ஒரு இணையதளம் கட்டியிருக்கிறேன். எழுதி முடித்ததை அதில் போடக் கூடாது. பாதியில் நிற்பதைத்தான் போட வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை என் கணினி நிரல் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்க்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறிப்பு எழுத வேண்டும். அடுத்த அறைக்காரர் எதை ஆராய்கிறார் என்றுகூட இங்கே யாருக்கும் தெரியவில்லை, அண்ணி. லிஃப்டில் சம்பள உயர்வைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இதுவரை ஒருவரும் ஒன்றும் போடவில்லை. டீன் மட்டும் என் அறிவிப்புக்குக் கீழே "சூப்பர்" என்று எழுதியிருக்கிறார். நீங்கள் ஆரம்பித்துவைத்தால் மற்றவர்கள் வருவார்கள். அண்ணனும் சேர்ந்திருக்கிறான், மறைக்கவில்லை. அவன் நீரியல், நீங்கள் மண்ணியல். அவன் பக்கமே நீங்கள் போக வேண்டியதில்லை.

உங்கள்
வாலு

பிப்ரவரி 19

என் செல்ல வாலுவுக்கு,

போன் செய்யாதது தப்புத்தான். உன் குரலில் உன் அண்ணனின் சாயல் இருக்கிறது, அதனால்தான். கோபித்துக்கொள்ளாதே.

உப்பேறிய மண்ணைப் பற்றிய கட்டுரையைப் போட்டேன். மூன்றாம் பகுதியில் சண்டித்தனம் செய்துகொண்டு நிற்கிறது. போட்டுவிட்டு அன்று முழுவதும் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். சட்டத் துறையிலிருந்து ஒருவர், ஜோடிப் பட்டியல் வருமுன்பே படித்துவிட்டு, "'கணிசமான உப்பு' என்கிறீர்களே, கணிசம் என்றால் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அசடு வழிந்தேன்.

இங்கே ஆய்வகத்தில் ஒரே திரையைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டு எல்லோரும் படிக்கிறோம். நான் வந்த நாள் முதல் ஆய்வகச் சாவியைத் தவிர என்னிடம் எதையும் கேட்காத பூச்சியியல்காரர், "மேடம், என்னுதும் பாதியில நிக்குது. போடட்டுமா? சிரிப்பாங்களா?" என்றார்.

"சிரிச்சா நானும் கூடச் சேந்து சிரிக்கிறேன், போடுங்க" என்றேன்.

நல்ல காரியம் செய்திருக்கிறாய், வாலு. இந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுப் பேசியது இப்போதுதான்.

அன்புடன்
அண்ணி

மார்ச் 4

வாலுவுக்கு,

இந்த மாதப் பட்டியல் வந்தது. என் பெயருக்கு எதிரே உன் அண்ணன் பெயர்.

நிரல் சேர்த்தது என்று கதை விடாதே. இத்தனை நூறு ஆசிரியர்களில் அவர்தானா கிடைத்தார்? எங்களைச் சேர்த்துவைக்க ஆசை என்றால் நேரே கேட்டிருக்கலாம். நேரே மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். இங்கே எல்லோரும் ஒன்றாகத்தான் பட்டியலைப் பார்த்தோம். என் கதை அவர்களுக்குத் தெரியும். பூச்சியியல்காரர் மெல்ல எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார், அது ஏற்கெனவே சாத்தியிருந்தது.

நான் விலகிக்கொள்கிறேன். உன் தளத்திலிருந்தும், உன்னிடமிருந்தும்.

மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

சத்தியமாக நான் சேர்க்கவில்லை. பெரிய பதவி, சின்னப் பதவி பார்க்கக் கூடாது என்று பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரே ஆய்வுகளை மேற்கோள் காட்டுகிறவர்களைச் சேர்க்கும்படி நிரல் எழுதினேன். இத்தனை வருடம் ஒரே அலமாரியிலிருந்து எடுத்துப் படித்து, சேர்ந்தே கட்டுரை எழுதிய இரண்டு பேரை அது விட்டுவைக்குமா? என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேனாம், வெட்கக்கேடு.

பட்டியலைப் பார்த்ததும் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நம் வீட்டில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. அதற்குள் பட்டியல் எல்லோருக்கும் போய்விட்டது. அண்ணனிடம் ஓடி, "நீ அதைப் படிக்காதே" என்றேன். "படிச்சு முடிச்சு அனுப்பியும் ஆச்சே" என்றான்.

தளம் வேண்டாமா, விட்டுவிடுங்கள். மூடச் சொன்னால் மூடிவிடுகிறேன். என்னை விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
வாலு

மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

மூட்டைகள் வந்தவண்ணம் இருக்கின்றன. அடிவரை துழாவுகிறேன், விடைத்தாள்தான் இருக்கிறது.

உங்கள் பூச்சியியல்காரர் போன் செய்தார். "மேடம் வர்ற வரைக்கும் அவங்க நாற்காலியில யாரையும் உக்கார விடமாட்டோம்" என்றார். திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள், அண்ணி.

வாலு

ஏப்ரல் 10

வாலுவுக்கு,

எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அழுகை வந்தது. அதனால்தான் தாமதம். உன்னை நம்புகிறேன், உனக்குச் சதி செய்யுமளவு சாமர்த்தியம் கிடையாது.

உன் அண்ணனின் குறிப்புகளைப் படித்தேன். கடைசி அடிக்குறிப்பு வரை படித்திருக்கிறார். என் மூன்றாம் பகுதி ஏன் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்: நான் கோடையில் மட்டுமே கிணற்று நீரின் உப்பை அளந்திருக்கிறேன். மழைக்காலத்துக்குத் தன் அளவுகளைக் கூடவே வைத்திருக்கிறார். ஒரு சொந்த வார்த்தை கிடையாது. நாங்கள் சேர்ந்து எழுதிய காலத்தில் என் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்பார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். யாரோ ஒருத்தியாக நான் ஆன பிறகு இவ்வளவு கவனமாகப் படிக்கிறார்.

அதற்குத்தான் அழுதேன். திரும்பிப் போகும் ஆசை துளியும் இல்லை. அவருக்கு நன்றி என்று ஒரு வரி அனுப்பினேன், அதோடு சரி.

நேற்று ஆய்வகத்துக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பூச்சியியல்காரரின் கட்டுரை மோசமில்லை. அடுத்த மாதம் என்னை யாரோடு வேண்டுமானாலும் சேர்த்துவிடு, ஒருவரைத் தவிர. அதை நிரலில் எழுதிவை.

இன்னும் ஒன்று. கோபத்தில் சொல்லவில்லை, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். இனிமேல் என்னை அண்ணி என்று எழுதாதே. அது அவர் வழியாக வந்த உறவு, அவரோடு முடிந்தது. எனக்கு நீ அவர் வழியாக வேண்டாம், நேராக வேண்டும்.

உன்
அக்கா