வாய்மொழித் தேர்வுக்கு நீ வரமாட்டாய்

ஆய்வேட்டின் இறுதிப் பிரதி பைண்டிங் முடிந்து இன்று காலை வந்தது. கட்டைப் பிரித்ததும் அட்டையிலிருந்து பசை வாசனை எழுந்தது. உடனே உன் கைப்பை ஞாபகம் வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் செவிலியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நீ அந்தப் பைக்குள் ஒரு பிளாஸ்திரிச் சுருளைப் போட்டு வைத்திருப்பாயே, அதற்கும் இதே வாசனைதான்.

வரும் வெள்ளிக்கிழமை சென்னையில் எனக்கு வாய்மொழித் தேர்வு. அரங்கத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அதில் தேறினால்தான் நகரமைப்பில் முனைவர் பட்டம். தேதி சொன்ன மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து என் கை நடுங்குகிறது. எழுத்து கோணலாகப் போனால் அதனால்தான்.

விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முதன்முதலில் உன்னிடம்தான் சொன்னேன். கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், ஜன்னல் ஓரம் நீ, பக்கத்தில் நான். "ஏன் டீச்சர், பென்சன் வாங்கிக்கினு வூட்ல கம்முனு இருக்க முடியாதா உனக்கு?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். முப்பது வருடப் பழக்கத்தில் நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'டீச்சர்' என்பாய், ஆனால் 'நீ' என்பாய். கேட்கிறவர்களுக்கு அது சண்டை போலிருக்கும்.

நான் காரணம் சொன்னேன். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது. நாலு பக்கமும் மனை போடுகிறார்கள், புதுக் கட்டடங்கள் எழும்புகின்றன. ஆனால் கல்வராயன் மலையிலிருந்து மருத்துவமனைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இறங்கி வருகிறவர்கள், வேலை முடியும் வரை எங்கே உட்காருவார்கள்? ஒரு உதாரணம் சொல்கிறேன் என்று நான் தொடங்கியதும், "ஆரம்பிச்சிட்டியா? எறங்கற எடம் வந்துடுச்சி, மீதிய அப்பறம் சொல்லு" என்று எழுந்துவிட்டாய்.

நேர்காணலுக்கும் நீதான் கூட வந்தாய். நான் வைத்திருந்ததோ புவியியல் முதுகலை. மற்ற எல்லாரும் நகரமைப்பு படித்தவர்கள், என் மகள் வயதுகூட இருக்காது. உள்ளே போனதும் பயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்துவிட்டேன். மேசையில் கிடந்த மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போய்ப் பாடம் நடத்தத் தொடங்கினேன். முடிவில் பேராசிரியர்களைப் பார்த்து, "புரிந்ததா? சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். ஒருவர் நிஜமாகவே கையைத் தூக்கினார். வெளியே வந்து நான் அழாத குறையாகச் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவர்களும் சிரித்திருக்க வேண்டும். பகுதி நேர மாணவியாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பயத்தைச் சிரித்துக் கழித்துவிட்டோம். அடுத்து, ஆய்வைத் தொடங்கும் முன் வைத்த முழுமைத் தேர்வில் வந்த பயம் அப்படிப் போகவில்லை. குழுவின் முன் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒரு சொல் மறைந்தது. பிறகு அதற்கு அடுத்த சொல். ஒவ்வொரு விளக்காக அணைந்துகொண்டே வரும் தெருவில் நிற்பது போல இருந்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன், எப்படியோ தொடர்ந்து பேசி முடித்தேன். தேறிவிட்டதாகவும் சொன்னார்கள். வெளியில் நடைபாதையில் காத்திருந்த நீ ஒன்றும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாய். "ஓடிக்கினுதான் கீது, வா சாப்ட்டுட்டுப் போலாம்" என்றாய். அன்று முதல், பேசும்போது எப்போது சொல் போய்விடுமோ என்ற பயம் எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் எழுந்து போகவில்லை.

கள ஆய்வு எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். மலை மேல் வெள்ளிமலைப் பக்கம் எத்தனை வருடம் பாடம் எடுத்தவள் நான்! தெரியாத முகம் குறைவு. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். போன இடமெல்லாம் பலாச்சுளையும் மரியாதையும் கிடைத்தன. பதில்களும் மளமளவென்று வந்தன. கள்ளக்குறிச்சியில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. எனக்கே ஆச்சரியம்தான், ஆனால் எழுதிக்கொண்டேன்.

பேருந்து நிலையத்தில் அந்தப் பதில்களின் குட்டு உடைந்தது. புளி மூட்டையோடு நின்ற ஒருவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது மீசையெல்லாம் நரைத்திருந்தது. மருத்துவமனையில் காத்திருக்க வசதி இருக்கிறதா என்று கேட்டேன். மூட்டையை இறக்கி வைத்து, கைகட்டி, நிமிர்ந்து நின்றான். "போதிய வசதி உள்ளது, டீச்சர்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரிங்களா டீச்சர்?" என்றான்.

உன் கையிலிருந்த டீ சிந்திவிட்டது, அப்படிச் சிரித்தாய். "இன்னாப்பா, டீச்சரு பிரம்பு எடுத்தாந்துக்கிறாங்கன்னு பயந்துக்கினியா?"

"இல்லீங்கம்மா. தப்பா சொல்லிட்டா டீச்சருக்குக் கஷ்டமாப் பூடும் இல்லீங்களா?"

அவன் போன பிறகுதான் நீ என் பக்கம் திரும்பினாய். "டீச்சர், இவங்க யாரும் உனக்குப் பதில் சொல்லல. பரீட்ச எழுதிக்கினு கீறாங்க."

அத்தனை மாத உழைப்பு. நெறியாளர் என்ன சொல்வார்? மறுபடி தொடங்க எனக்கு வயது இருக்கிறதா? அன்று இரவு முழுக்க இதையேதான் நினைத்தேன். மறுநாள் நீ ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தாய். "கேக்காத. சும்மா போய் அவங்களோட ஒக்காரு. நானும் வரேன்."

அப்படித்தான் தொடங்கினோம். மலைக்கு வண்டி கிளம்பும் இடத்திலும், மருத்துவமனை வாசலிலும், காகிதம் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம். காய்ச்சல் குழந்தையோடு வந்திருந்த பெண்ணை நீ மறந்திருக்க மாட்டாய். அடுத்த டோக்கன் அவளுடையது. திடீரென்று எழுந்து நடந்தாள்.

"இன்னாம்மா, ஒன் நம்பர்தான் கூப்புடப் போறாங்க, எங்க போற?"

"கடசி பஸ்ஸு பூடும்மா. வுட்டுட்டா புள்ளய வெச்சிக்கினு ராவுக்கு எங்க படுப்பேன்?"

நீ அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாய். மருத்துவர் பார்த்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அவளும் குழந்தையும் அன்று உன் வீட்டில் படுத்தார்கள். என் ஆய்வேட்டின் மையம் அந்தப் பெண்ணின் கேள்விதான். ஊருக்குத் திரும்ப முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தோடு ஒரு நகரத்துக்கு வருகிறவர்களை அந்த நகரத்தின் வரைபடத்தில் எங்கே வைப்பது?

அதை எழுதி முடித்துச் சுருக்கத்தைச் சமர்ப்பித்த மாதத்தில் உனக்கு நெஞ்சு வலி வந்தது. நீ வேலை பார்த்த அதே வார்டில்தான் சேர்த்தோம். அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

இப்போது வெளித் தேர்வாளரின் அறிக்கை வந்திருக்கிறது. பாராட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். சேகரித்த கேள்வித்தாள்களை முழுவதுமாக ஒதுக்கியது ஏன், வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும். நெறியாளர் நல்ல மனிதர். "தரவுகளின் நம்பகத்தன்மை குறைவாக இருந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள் அம்மா, மேலே பேசினால் வம்பு" என்றார். அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்கிறேன். செய்யச் செய்ய அதுதான் முதலில் மறந்துபோகிறது. முழுமைத் தேர்வின்போது நீயாவது நடைபாதையில் இருந்தாய்.

மதியம் வீட்டில் இருக்க முடியாமல் பேருந்து நிலையத்துக்குப் போனேன். நாம் உட்காரும் இடத்தில் ஒரு பெண் சாமை மூட்டையோடு இருந்தாள். அவளும் என்னிடம் படித்தவள்தான். நகர்ந்து இடம் விட்டாள்.

"இன்னா டீச்சர், கை இப்பிடி ஆடுது?"

"வெள்ளிக்கிழமை பரீட்சை."

"ஒங்களுக்கா?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "பயமா கீதுங்களா?"

ஆமாம் என்றேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவள் மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்கும் இங்க வந்தாலே பயந்தான் டீச்சர். தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். ஒதுங்கப் போன நேரத்துல பஸ்ஸு பூட்டா?" என்றாள். வெள்ளிமலையில் என் கேள்வித்தாளுக்கு 'சிரமம் இல்லை' என்று சொன்னவர்களில் இவளும் ஒருத்தி.

நீ ஊசி போடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வலிக்காது என்று ஒரு குழந்தையிடம்கூட நீ சொன்னதில்லை. "வலிக்கும். கையக் குடு" என்பாய். அவர்களும் கொடுப்பார்கள்.

நெறியாளர் தந்த வாக்கியத்தைச் சொல்லப் போவதில்லை. கைகட்டி நின்ற மீசைக்காரரைப் பற்றிச் சொல்வேன். நீ டீயைச் சிந்தியதைச் சொல்வேன். நடுவில் சொற்கள் போகலாம். போனால், போய்விட்டது என்று அவர்களிடமே சொல்லிவிட்டு நிற்பேன். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தக் கையைத்தான் நீட்டப் போகிறேன்.