திருவிருந்துக்கு என்று எழுதி ஒட்டிய குப்பிகள்

அமரவிளை
நவம்பர் 10, திங்கட்கிழமை

அன்பு மகன் டெனிலுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம். இதை முதலில் சொல்லாவிட்டால், கடிதத்தைக் கண்டதும் யாருக்கோ என்னவோ என்று நீ பயந்துவிடுவாய். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாக, அங்கிருந்து லீவில் வந்திருக்கும் ஜிஜா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த விஷயத்தைப் போனில் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் தப்பாக நினைத்துக்கொள்வாய். ஜிஜா லீவு முடிந்து வியாழக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதையும், ஒரு டப்பா முந்திரிக்கொத்தும், ஒரு டப்பா அச்சப்பமும் கொடுத்துவிடுகிறேன். அச்சப்பம் நாலைந்து உடைந்திருக்கும். அவளைக் குறை சொல்லாதே, இங்கேயே உடைந்ததுதான்.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை. கிணறு நிறைந்துவிட்டது, நெய்யாறு கலங்கி ஓடுகிறது. அப்பாவுக்கு மோட்டார் ரிப்பேர் வேலை நிறைய வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அயர்லாந்து போவதற்கு முந்தின நாள், உனக்காக வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது உன் அப்பா குடித்துவிட்டு வந்து வாசற்படியில் விழுந்தார். அதற்குப் பிறகுதான் சபை அவரை, அப்பமும் திராட்சை ரசமும் தரும் திருவிருந்திலிருந்து விலக்கியது. நீ அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே விமானம் ஏறினாய். வருகிற ஜனவரியில் ஆறு வருஷம். இன்றுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் குடியை விட்டு மூன்று வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. சொன்னால் நீ நம்புவதில்லை. "நீங்க எப்பவும் மூடி வச்சுதானே சொல்லுவிய" என்றாய். நியாயம்தான். அவர் விழுந்து கிடந்தால் தலைசுற்றல் என்பேன், வேலைக்குப் போகாவிட்டால் காய்ச்சல் என்பேன். இந்தக் கடிதத்தில் நான் எதையும் மூடவில்லை. இதில் குற்றவாளி நான்தான்.

நீ போன அந்த வருஷம் நவம்பர் தொடக்கத்தில், உன் அப்பா கண்ணில் படாமல் விறகுக்குப் பின்னால், ஒரு பீங்கான் பரணி நிறைய வைன் போட்டேன். ஐந்து கிலோ கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை. நாற்பத்தொரு நாள் கழித்து வடிகட்டினால் நாலு குப்பி கிடைத்தது. நீ முதல் லீவில் வரும்போது திறக்கலாம் என்று இருந்தேன்; நீ இன்னும் வரவில்லை. அதற்கு மேலும் நம் வீட்டில் வைத்தால் உன் அப்பா மூக்குக்குத் தப்பாது. அதனால் ராஜபாய் மாமி வீட்டு மச்சில் கொண்டு வைத்தேன். அங்கேயும் மருமகன்கள் வந்து போகிறார்கள். ஆகவே நாலு குப்பியிலும் காகிதம் ஒட்டி, தமிழிலும் மலையாளத்திலும் "திருவிருந்துக்கு" என்று எழுதினேன். ஆண்டவர் மேசைக்கு உள்ளதை நம் ஆட்களில் எவன் தொடுவான்? மாமியிடமும் கோயில் காரியம் என்றே சொன்னேன். என் புத்தியை நினைத்து எனக்கு அன்று ரொம்பப் பெருமை.

நம் சபைத் திருவிருந்தில் புளித்த வைன் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பெண்கள் சங்கத்தில் மாதம் ஒரு வீட்டுக்கு முறை. திராட்சையைப் பிழிந்து, காய்ச்சி, ஆறவைத்து, புளிக்கும் முன்னே கொடுத்துவிடுவோம். இந்த மாதம் மாமி வீட்டு முறை. மாமி காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, முதல் தேதி சனிக்கிழமை முட்டு வலிக்கு டாக்டரைப் பார்க்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருக்கிறார். போகும்போது மருமகள் அம்பிளியிடம், வாங்கிப் போகக் கோயில் வேலைக்காரர் கோயில்பிள்ளை வந்தால் திருவிருந்துக் குப்பியை எடுத்துக் கொடு என்றிருக்கிறார். அம்பிளி அம்பூரிக்காரி, நம் சபை வழக்கம் தெரியாதவள், கல்யாணமாகி வந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஃப்ரிட்ஜில் இருந்த குப்பியில் ஒன்றும் எழுதவில்லை. மச்சில் இருந்ததில் இரண்டு மொழியில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் ஞாயிறுதான், மக்கா, சபை உன் அப்பாவைத் திரும்பவும் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொண்ட நாள்.

காலையில் ஐந்து மணிக்கே குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டார். வழக்கம்போல ஆண்கள் முதலில் போனார்கள். அவர் முழங்காலிட்டு, அப்பத்தை வாங்கி, அந்தச் சின்னக் கிண்ணத்தை எடுத்துக் குடித்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுந்து வந்தவர் உட்காராமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் நிற்கிறாராக்கும் என்று நினைத்தேன். மற்றவர்களிடமும் ஏதோ ஒரு மாற்றம். ஓய்வுபெற்ற யோசுவா சார் வாய்க்குள் நாக்கைச் சுழற்றிக்கொண்டே வந்தார். இன்னொருவர் காலிக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார்.

பிறகு என் முறை வந்தது. நாக்கில் பட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. காய்ச்சிய புது ரசம் என்றால் நாக்கு நுனியில் தித்தித்துவிட்டு, விழுங்கின உடன் காணாமல் போகும். இது அப்படி இல்லை. முதலில் நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்பு, அதன் பின்னால் உலர்ந்த திராட்சையின் இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு. விழுங்கி முடித்த பிறகு கிராம்பின் மணம் மூக்குக்குத் திரும்பி வந்தது. நான் போட்ட வைன் எனக்குத் தெரியாதா? மறைக்க மாட்டேன் என்று சொன்னேன் அல்லவா, இதையும் சொல்கிறேன். ஆண்டவர் மேசைக்கு முன்னால் முழங்காலில் இருந்துகொண்டு, எவ்வளவு நன்றாக முதிர்ந்திருக்கிறது என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி திரும்பிப் பார்த்தால், உன் அப்பா இருந்த இடம் காலி.

ஆசீர்வாதத்துக்குக் காத்திருக்காமல் வெளியே ஓடினேன். அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். குடியை விட்டவன் ஒரு சொட்டு தொட்டாலும் பழையபடி ஆகிவிடுவான் என்று டாக்டர் சொன்னது மட்டும்தான் காதில் கேட்டது. அந்தச் சொட்டைக் கொடுத்தது நான். வீட்டில் ஆள் இல்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கொண்டு நேரே மதுக்கடைக்குப் போனேன். பைபிளும் கையுமாக, வரிசையில் நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தன், "சேச்சி, பெண்ணுங்களுக்குத் தனி க்யூ இல்ல கேட்டோ" என்றான். மற்ற நாளாக இருந்தால் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

அங்கே அவர் இல்லை. பிறகுதான் ரதீஷின் நினைவு வந்தது. ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். அவனும் குடித்தவன், அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் விட்டவன். குடியை விட்டவர்களின் வாரக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். போய்ப் பார்த்தால், டயர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உன் அப்பா உட்கார்ந்து, எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட நாரங்கா வெள்ளம் குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. அது மூன்றாவது கிளாஸ் என்று ரதீஷ் சொன்னான். நான் அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் மெதுவாக, "ஜெபா, அது நீ போட்ட வைனாக்கும். டெனிலுக்குள்ளது" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். குடியை விட்ட முதல் வருஷம், மாமி வீட்டு மச்சில் வயரிங் வேலைக்கு ஏறியபோது இந்த நாலு குப்பியையும் பார்த்திருக்கிறார். என் கையெழுத்தும் இருந்தது. நீ வரும்போது திறக்கத்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அவரே ஊகித்துக்கொண்டாராம். திருவிருந்து ரசம் இப்படிப் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருக்காதே என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஒன்றைத் திறந்து மோந்தும் பார்த்தாராம். "அரை மணிக்கூறு அதுக்க முன்னால இருந்தேன் பிள்ள. கீழ ராஜபாய் மைனி சாயா குடிக்கக் கூப்பிட்டா. மூடி வச்சிட்டு எறங்கி வந்தேன்" என்றார். மச்சில் இருப்பது தெரிந்தும் இத்தனை நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் பயந்து இடம் மாற்றுவேன், பிறகு அது எங்கே இருக்கிறது என்ற யோசனையே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் என்றார். அன்றும் மச்சிலிருந்து இறங்கி நேராக இந்தக் கடைக்குத்தான் வந்தாராம். ரதீஷ் தலையாட்டினான். "அண்ணைக்கு அஞ்சு கிளாஸ் ஆச்சு அக்கா" என்றான்.

நான் சொல்வதை நீ நம்பவேண்டாம். ரதீஷின் நம்பரை ஜிஜாவின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீயே கூப்பிட்டுக் கேள்.

புதன்கிழமை சபைக் கமிட்டி கூடியது. நான் எழுந்து முழுவதையும் சொன்னேன். யோசுவா சார், விசாரணை என்றால் இரண்டையும் ருசித்துப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். மாமி காய்ச்சிய ரசமும், திறந்த குப்பியில் மிச்சம் இருந்ததும் மேசைக்கு வந்தன. உன் அப்பா தானாகவே எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். சார் முதலில் புதியதைக் குடித்தார். நல்ல திராட்சை, ஆனால் சர்க்கரை மட்டும்தான் பேசுகிறது என்றார். பழையதைக் கண்ணை மூடி, வாயில் வைத்திருந்து விழுங்கினார்.  பிறகு, இது தப்புதான், பெரிய தப்புதான் என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை மறுபடி நீட்டினார். போதகர் குப்பியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

எனக்கு என்ன தண்டனை என்று பேச்சு வந்தபோது உன் அப்பா உள்ளே வந்தார். "தப்பு எனக்காக்கும். சொந்த வீட்டுல ஒரு குப்பி வைக்க முடியாத நிலைக்கு இவள ஆக்கினது நான்" என்றார். அத்தனை பேர் முன்னால், தலையைக் குனியாமல் சொன்னார்.  போதகர் எழுந்து அவர் தோளில் கை வைத்து, டிசம்பர் முதல் ஞாயிறும் திருவிருந்துக்கு வரவேண்டும் என்றார். அன்றைக்கு ரசம் காய்ச்சுகிற முறை எனக்கு என்றும், குப்பியில் ஒன்றும் எழுதக்கூடாது என்றும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆறு வருஷத்தில் இப்படி லேசாக நான் இருந்ததே இல்லை.

மிச்சம் மூன்று குப்பியையும் கொட்டிவிடப் போனேன். உன் அப்பா வேண்டாம் என்றார். அது உனக்குள்ளது, என்ன செய்யவேண்டும் என்பதை நீ வந்து சொல்லட்டும் என்றார். இப்போது அது போதகர் வீட்டில் இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லி அவர் என்னிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதமே அவருக்குத் தெரியாது. ஆனால் ஒன்று உனக்குத் தெரியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரம் ஆனால் அவர் வீட்டுக்குள் இருப்பதில்லை. அவர் சத்தம் கேட்டால் நீ சீக்கிரம் வைத்துவிடுவாயோ என்று பயம். நேற்று நீ என்னோடு நாற்பது நிமிஷம் பேசினாய். அந்த நாற்பது நிமிஷமும் அவர் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் நின்றார். உள்ளே வந்ததும், பிள்ளைக்குச் சளி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்.

வருகிற ஞாயிறு அவரை உள்ளேயே உட்காரச் சொல்லப்போகிறேன். இருமுவார், நாற்காலியை நகர்த்துவார், உனக்குக் கேட்கும். போனை வைத்துவிடாதே மக்கா.

அந்நிய நாட்டுக் குளிரிலும் தனிமையிலும் ஆண்டவர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அம்மா,
ஜெபகுமாரி சுந்தரன்