உப்பில்லாத பத்து நாள்

ஓசூர்
14.3.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

சங்கவி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? பக்கத்து வீட்டு போனில் இதையெல்லாம் விவரமாகப் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

மனசு கண்டபடி ஏறி இறங்காமலிருக்க விழுப்புரம் டாக்டர் எழுதிக்கொடுத்த லித்தியம் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். இங்குள்ள டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, லேசாக வீக்கம் தெரிகிறது, இந்த நோயில் சிலருக்கு அப்படி இருக்கும் என்றார். போனில் சொன்னதும் நீங்கள், "வீக்கம்னா உப்பு ஆவாதும்மா, நிறுத்திடு" என்றீர்கள். நிறுத்தினேன். பத்தாம் நாள் கை நடுங்கி, கம்பெனியில் ஸ்க்ரூவைப் பிடிக்க முடியவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

"இது கால் வீக்கம் இல்லம்மா, ரத்தத்துல தெரியற அழற்சி. உப்பை நிறுத்தினா லித்தியம் ஒடம்புல ஏறிடும்" என்று டாக்டரம்மா திட்டினார்.

திண்டிவனத்திலிருந்து ராஜசேகர் அண்ணன் வரும்போது உப்புப் போட்டு வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைக்கிற வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளம்.

ஷிப்டு பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும். "உங்கப்பாவும் அன்னிலேர்ந்து உப்பில்லாமத்தான் சாப்ட்டுக்கினு இருக்காரு" என்று அம்மா நேற்று போனில் சொன்னார். இன்றைக்கே குழம்பில் உப்புப் போடச் சொல்லுங்கள், அப்பா.

சங்கவி