பிலோவின் தொட்டியில் பாசி

1963 யூன் 10, திங்கள்

கச்சான் காற்று. காலை ஏழு மணிக்கே முற்றத்து மணல் முழுக்கக் கண்ணுக்குள். கீழ்வயலுக்கு நாளை தண்ணீர் முறை. மண்வெட்டிக்குப் பிடி போட வேண்டும். நான் ஆக்கின சோறு மறுபடியும் குழைந்துவிட்டது. பிலோமினா அப்படியே சாப்பிட்டாள். முன்பெல்லாம் உப்புக் கூடினாலே வீடு இரண்டுபடும். இப்போது ஏசுவதே இல்லை.

பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைவ் மிஸ்ஸி பத்து மணிக்குச் சைக்கிளில் வந்தா. நாலரை மாதமாம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது, குசினிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. முதற்பிள்ளை நாலாம் மாதம் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதம். அந்த இரண்டையும் மிஸ்ஸி விரலால் எண்ணிக் காட்டினது எனக்குப் பிடிக்கவில்லை.

“அசைவு ஏதும் தெரியுதோ பிள்ளை?”

“இல்லை மிஸ்ஸி.”

“போகப்போகத் தெரியும். நீர் சும்மா படுத்திரும்.”

கடல்தொட்டி பச்சை பிடிக்கிறது. கண்ணாடியில் புகைபோல ஒரு படலம், கல்லில் மயிர்மயிராய்ப் பாசி. பி. கட்டிலில் ஒருக்களித்தபடி அதைத்தான் நாள்முழுக்கப் பார்க்கிறாள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். என்னைக் கட்டித் தர்மபுரத்து வயலுக்குள் வந்து ஆறு வருடம். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து என்ன செய்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். அதற்காகத்தான் போன மாதம் தொட்டி கட்டினேன். சீமெந்து, கட்டிலோடு ஒட்டி, கட்டில் உயரத்துக்கு, அவள் பக்கம் மட்டும் கண்ணாடி. கள்ளுக்காரரின் மரப்பீப்பாவைக் கழுவி, மீன் லொறியில் கடல்தண்ணீர் அனுப்பினது அவள் தம்பி அந்தோனி. தொட்டியில் இருப்பவை:

மஞ்சள் வரி மீன் 3
சங்குக்குள் குடியிருக்கும் நண்டு 1
கல் 2
கல்லோடு வந்த நத்தை 9
கடல்பூ 1

பூ என்றாலும் அது உயிர்தான். காலையில் விரல்விரலாய் விரியும், தொட்டால் பொத்திக்கொள்ளும். தொட்டிக்கு மேலே கட்டிய மண்முட்டியில் ஓட்டை. அதிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் மீனுக்குக் காற்று. தொட்டித் தண்ணீரையே அள்ளி முட்டியை நிரப்புவது என் வேலை. மாடு கட்டுவதை விடக் கரைச்சல்.

யூன் 11, செவ்வாய்

தண்ணீர் வந்தது. பிடி போட்டாயிற்று.

தொட்டியில் நத்தைகள் கண்ணாடியெல்லாம் ஊர்கின்றன. ஊரும் இடமெல்லாம் அழுக்கு. வயலில் நத்தை கண்டால் விடுவேனா? ஒன்பதையும் பொறுக்கி வாத்துக்குப் போட்டேன். பாசிக்கும் அதுகள்தான் காரணமாக இருக்க வேண்டும். பி. நித்திரை. எழும்பியதும் சொல்லிப் பெருமைப்பட்டேன். “அப்பிடியோ?” என்றாள்.

யூன் 14, வெள்ளி

பாசி இரட்டிப்பு. தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். தேய்த்தது முழுக்கத் தண்ணீரில் கலந்து தொட்டி கஞ்சிபோல் ஆனது. மத்தியானம்தான் தெளிந்தது. பி. மீனுக்குக் கருவாட்டுத் தூள் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அதுகள் தின்பதை விடக் கல்லில் படிவது கூட. சொன்னால் முகம் வாடும். சொல்லவில்லை.

கத்தரிக்காய்க் கறி கருகிவிட்டது. முட்டி நிரப்பப் போனதால்.

யூன் 16, ஞாயிறு

அந்தோனி வந்தான். இரண்டு பீப்பாத் தண்ணீர், ஒரு கோர்வை ஒட்டி மீன், அக்காவுக்கென்று மாதா கோயில் எண்ணெய். தொட்டியைப் பார்த்தான்.

“நத்தை எங்கை அத்தான்?”

சொன்னேன். சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டான்.

“உங்களுக்கென்ன விசரோ? பாசியை மேயிறதே அதுகள்தான்! மாட்டை வித்துப்போட்டுப் புல் வளருதெண்டு அழுறியள்.”

பி.யும் சிரித்தாள். எத்தனை நாளுக்குப் பிறகு! எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. வாத்துகளுக்கு மட்டும் நல்ல விருந்து.

அந்தோனி சொன்னவை, மறக்காமல் எழுதுகிறேன்: யன்னல் வெயிலை மறை. தீனியைக் குறை. கிழமைக்குக் கால்வாசித் தண்ணீரை மாற்று. நத்தை திரும்பக் கொண்டுவருவான். “உந்தப் பாசியை வெட்டி முடிக்கேலாது அத்தான். பட்டினி போடத்தான் ஏலும். ஒரு மாசம் பொறுங்கோ.”

ஒரு மாதமா? எனக்கு ஒரு மாதம் பொறுத்துப் பழக்கமில்லை.

யூன் 17, திங்கள்

யன்னலுக்கு ஓலைத் தட்டி கட்டினேன். அறை இருண்டது.

“இஞ்சாருங்கோ, அதைக் கழட்டுங்கோ. பூத் தெரியேல்லை.”

“பாசி பிடிக்குமப்பா.”

“பிடிக்கட்டும்.” பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எனக்குள்ளை ஒண்டும் அசையேல்லை. அங்கை ஏதோ ஒண்டு அசையுதெண்டு பார்த்துக்கொண்டு கிடக்கிறன். காலமை அது விரிஞ்சா, எங்கட பிள்ளையும் இருக்கெண்டு ஒரு தைரியம். அது விரியிறமட்டும் எனக்குப் பயமில்லை.”

இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தட்டியைக் கழற்றிவிட்டேன்.

யூன் 19, புதன்

பிந்தி விதைத்த கீழ்வயலிலும் பாசி. தண்ணீரில் பாய்போல் படர்ந்து பயிரை அமுக்குகிறது. வழக்கம்போல மயில்துத்தத்தைச் சாக்குத் துண்டில் பொட்டலமாகக் கட்டி வாய்க்கால் வாயில் தொங்கவிட்டேன். தண்ணீர் அதில் பட்டு நீலமாய் உள்ளே போகும். மூன்றாம் நாள் பாசி செத்து அடியில் கிடக்கும். இந்தக் குடியேற்றத்தில் எல்லாரும் செய்வதுதான்.

கையில் பெருவிரலளவு கட்டி ஒன்று மிச்சம்.

பூவுக்கு வெளிச்சமும் வேண்டும், பாசியும் போக வேண்டும். வேறு வழி? பி. மத்தியானம் கண்ணயர்ந்த நேரம், துணியில் முடிந்து முட்டிச் சொட்டு விழும் இடத்தில் தொங்கவிட்டேன். அவள் பக்கமிருந்து தெரியாது. சொல்லவில்லை. திடீரென்று தொட்டி பளிச்சென்றால் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

யூன் 20, வியாழன்

தொட்டி கண்ணாடிபோல்! பாசி வெளிறிக் கழன்று விழுகிறது.

“என்ன மாயம் செய்தனீங்கள்?”

“சும்மா” என்றேன். மீசையைத் தடவியதும் ஞாபகம்.

பூ இன்று அரைவாசிதான் விரிந்தது. நண்டு சங்கை விட்டு வெளியே வந்து கிடந்தது. காற்று வாங்குகிறதாக்கும் என்று நினைத்தேன்.

யூன் 21, வெள்ளி

பூ விரியவில்லை.

நண்டு செத்துவிட்டது. மீன் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. பி. விழிக்குமுன் இரண்டையும் எடுத்துப் புதைத்தேன். துத்த முடிச்சையும் எடுத்தாயிற்று. பூ ஒரு சளிக்கட்டிபோலச் சுருங்கிக் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“ஏன் அது இன்னும் விரியேல்லை?”

“நேற்று வெயில் கூட. அதுக்கும் களைப்பு.”

“அப்பிடித்தானே?”

“ஓம்.”

பொய். நாக்கு எப்படித் திரும்பியதோ தெரியவில்லை. அவள் கை வயிற்றின் மேல். நான் குசினிக்குள் போய்ச் சும்மா அடுப்பை ஊதினேன்.

யூன் 22, சனி

முதல் பஸ்ஸில் முல்லைத்தீவு. பி.க்குத் துணையாக அடுத்த காணிப் பாக்கியமக்காவை இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். அந்தோனி கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சொன்னதும் ஊசி நின்றுவிட்டது. சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கரையில் கவிழ்த்திருந்த ஒரு பெரிய வள்ளத்தைக் காட்டினான்.

“அடிக்குச் செம்புத் தகடு அடிச்சிருக்குது, பாத்தியளோ? ஏனெண்டு தெரியுமோ? சிப்பி, பூச்சி, பாசி ஒண்டும் கிட்ட வராது. செம்பு அதுகளுக்கு நஞ்சு. உங்கட துத்தத்துக்குள்ளையும் செம்புதான்.”

“வேறை பூ ஒண்டு தா. கல்லை மாத்தி வைச்சிடுறன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

“தரலாம். போட்ட அண்டைக்கே சாகும். அந்தத் தண்ணி முழுக்க இறைச்சு ஊத்த வேணும். சீமெந்தும் குடிச்சிருக்கும். திரும்பத் திரும்ப ஊறவைச்சுக் கழுவ வேணும். முதல்ல இரண்டு நத்தை விட்டுப் பாருங்கோ. அதுகள் உயிரோடை இருந்தா மட்டும் பிறகு பூ.” மறுபடி ஊசியை எடுத்தான். “அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ அத்தான். ஆரும் போய்ச் சொல்ல முந்திச் சொல்லுங்கோ.”

தொட்டியைக் கட்டிலோடு ஒட்டிக் கட்டின புத்திசாலி நான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவளுக்குத் தெரியாமல் ஊற்ற ஏலாது.

யூன் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன். துத்தம், நண்டு, மீன், பொய், எல்லாம். அவள் கண்ணைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஏசுவாள் என்று நின்றேன். ஏசவில்லை. “பூவும் போச்சோ?” என்று மட்டும் கேட்டாள். “ஓம்.” சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

தொட்டியை இறைத்தேன். இருபத்தெட்டு வாளி. வாழைக்கு ஊற்றப் பயந்து தெருவுக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். மிச்ச இரண்டு மீனும் அந்தோனி போன ஞாயிறு கொண்டுவந்த பீப்பாவில் மிச்சமிருந்த தண்ணீரில், மண்சட்டியில்.

யூன் 26, புதன்

மூன்று நாளாய்ச் சுவர். சாப்பாடு இரண்டு வாய். செபமாலை கையில் இருக்கிறது, உருளவில்லை.

மிஸ்ஸி வந்தா. குழலை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டா. இடம் மாற்றி மாற்றிக் கேட்டா. கடைசியில், “காத்துச் சத்தம், வடிவாக் கேக்கேல்லை. ஒரு கிழமை பாப்பம்” என்றா. காற்று இருந்தது உண்மை. ஆனால் வாசல் படலையடியில் சைக்கிளில் ஏறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாரிடம் சண்டை பிடித்தேன். திரும்பி வந்து அவளுடைய மாதா படத்துக்கு முன்னும் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. “நான் செய்ததை என்ரை தலையிலை போடு, அவளிலை போடாதை” என்றேன். அதைச் சத்தமாய்ச் சொல்லிவிட்டேன் போல. கட்டிலில் ஒரு விம்மல் கேட்டது.

யூன் 27, வியாழன்

தொட்டியைத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் நிறைத்துவைத்தேன், ஊறட்டும். பி. பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரை அல்ல, என்னை.

“கையைக் கழுவுங்கோ. நகமெல்லாம் இன்னும் நீலம்.”

நாலு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. கிணற்றடியில் கால் மணித்தியாலம் தேய்த்தேன்.

யூலை 1, திங்கள்

நாலாம் தரம் ஊறவைத்துக் கழுவியாயிற்று. லொறியில் அந்தோனியின் பீப்பா, புதுக் கல், போத்தலில் இரண்டு நத்தை. நத்தையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். பி. தலையணையால் வாயைப் பொத்தினாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. மீன்களையும் விட்டேன். பூ இல்லாத தொட்டி. தட்டியை அவளே கட்டச் சொன்னாள், “பாதிக்கு மட்டும்.” தீனி ஒரு சிட்டிகை, அவள் கையாலேயே.

யூலை 3, புதன்

மிஸ்ஸி வரவில்லை. நெடுங்கேணிப் பக்கம் ஒரு பிள்ளைப்பேறாம். நல்லதோ கெட்டதோ, ஒரு கிழமை தள்ளிப் போயிற்று.

நத்தை இரண்டும் உயிரோடு. காலையில் முதல் வேலை அதைப் பார்ப்பது.

யூலை 7, ஞாயிறு

பாசி திரும்ப வந்துவிட்டது! கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம். இரத்தம் கொதித்தது. தும்பை எடுத்தேன், வைத்தேன். பட்டினி, பட்டினி. அந்தோனி சொன்னது ஒரு மாதம். நாளைக்குப் பாதிக் கண்ணாடி மட்டும் மெதுவாகத் துடைப்பேன்.

சோறு இன்று பதமாக வந்தது. எழுதிவைக்கத்தான் வேண்டும்.

யூலை 8, திங்கள்

வெளிச்சம் நன்றாக வந்தபின் தும்போடு தொட்டியடியில் குந்தினேன். கண்ணாடியின் மேல்மூலையில், பச்சைக்குள், நகத்தால் கீறின மாதிரி மூன்று கோடு. நேராய், பக்கத்துப் பக்கத்தில். நத்தை இப்படிக் கீறாது. தும்பைக் கோட்டருகே கொண்டுபோனேன்.

“விடுங்கோ!” கட்டிலில் இருந்து ஒரு அதட்டல். பழைய பிலோவின் குரல். “அதிலை கை வைச்சா தெரியும்! அந்த இடத்தைச் சுரண்டாதேங்கோ!”

“உதென்ன கோடு?”

அவள் கையை நீட்டிக் காட்டினாள். நகத்துக்குள் பச்சை.

“முந்தநாள் ஒருக்கா. வாய்வாக்குமெண்டு விட்டன். நேற்று ஒருக்கா. இண்டைக்கு விடிய ஒருக்கா. உங்களுக்குச் சொல்லப் பயம். சொன்னாப் போயிடுமெண்டு பயம். எழுத ஒண்டும் கைக்கெட்டேல்லை, அதிலை கீறினன்.” பிறகு குரல் ஏறியது. “இஞ்சை பாருங்கோ, நீங்கள் என்னட்டைப் பொய் சொன்னதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்! பூவைச் சாகடிச்சதை மறந்தாலும் அதை மறக்கமாட்டன். என்னைச் சின்னப்பிள்ளையெண்டு நினைச்சீங்களோ? இனி ஒருக்கா அப்பிடி…”

நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்தாள். தும்பும் ஈரமும் அப்படியே.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு தட்டு.

நான் அழுதேன். எழுத வெட்கமில்லை. அவள் எட்டிக் கையைத் தண்ணீருக்குள் விட்டு நாலாவது கோட்டைக் கீறினாள்.

யூலை 10, புதன்

காற்றுக் குறைவு. மிஸ்ஸி குழல் வைத்தா. “ஆ, பிள்ளையின்ரை நெஞ்சு குதிரையாய் ஓடுது!” என்றா. கண்ணாடியைப் பார்த்து, “உந்தப் பாசியை ஒருக்காத் துடைச்சா என்ன?” என்றா. பி. என்னைப் பார்த்தாள், நான் தும்பைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

கீழ்வயல் சரி. துத்தத்துக் கட்டி மிச்சத்தைக் கொட்டிலில் உயரத்தில் வைத்தாயிற்று.

கோடு பதினொன்று. மத்தியானம் பார்க்கிறேன், நத்தை ஒன்று பாசியை மேய்ந்துகொண்டு கோட்டுப் பக்கம் ஏறுகிறது. எடுத்து மற்றப் பக்கம் விட்டேன். திரும்பவும் ஏறுகிறது. திரும்பவும் எடுத்து விட்டேன்.